கொக்கிப்புழுவும் தொழிலாளர் உடற்சோதனையும்: கோத்தார்டு சுரங்கம் முதல் மண்டபம் முகாம் வரை

கொக்கிப்புழு நோய் என்பது மனிதச் சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் ஒருவகை உருளைப்புழுவால் உண்டாகும் தொற்றுநோய் ஆகும். இலங்கைத் தமிழில் இதைக் கொழுக்கிப்புழு என்பர். இன்று குழந்தைகளுக்கான குடற்புழு நீக்க மாத்திரையோடு சேர்த்தே இதை அறிகிறோம். ஆனால் மருத்துவ வரலாற்றில் இது முதலில் கவனம் பெற்றது தொழிலாளரின் நோயாகத்தான். சுரங்கத் தொழிலாளர், தோட்டத் தொழிலாளர் என ஒரு தொழிலைச் சேர்ந்தவர் அனைவரையும் வரிசையில் நிறுத்தி, நோய் தெரிகிறதோ இல்லையோ, சோதித்துப் பார்க்கும் வழக்கம் பெரிய அளவில் நடைமுறைக்கு வந்ததில் இந்தச் சிறு புழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற மக்களின் வாழ்விலும் இந்தச் சோதனை நேரடியாகக் குறுக்கிட்டது.

புழுவின் வழி

வரலாற்றைப் புரிந்துகொள்ள புழுவின் வாழ்க்கையைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும். மனிதரைத் தாக்கும் முக்கிய இனங்கள் இரண்டு: அன்சைலோஸ்டோமா டியோடினேல், நெகேட்டர் அமெரிக்கானஸ். இரண்டுமே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ளவை. பெண்புழு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முட்டைகள் மலத்தோடு வெளியேறி, ஈரமும் நிழலும் வெதுவெதுப்பும் உள்ள மண்ணில் ஓரிரு நாளில் பொரியும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் இளம்புழு தொற்றக்கூடிய பருவத்தை அடைந்து, காத்திருக்கும். வெறுங்கால் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே போகும். போன இடத்தில் அரிப்பு உண்டாகும். பிறகு இரத்தத்தின் வழியே நுரையீரலுக்குச் சென்று, மூச்சுக்குழாய் வழியே மேலேறி, தொண்டையில் விழுங்கப்பட்டு, குடலை அடைந்து முழுப் புழுவாகும். ஒரு புழு உறிஞ்சும் இரத்தம் மிகக் குறைவு. நூற்றுக்கணக்கில் இருந்தால், ஏற்கெனவே அரைவயிறு உண்பவருக்கு அது தாங்காது. முகம் வெளுத்து, மூச்சு இரைத்து, கால் வீங்கி, வேலை செய்ய முடியாமல் போகும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் புழு மனித உடலுக்குள் பெருகுவதில்லை. ஒவ்வொரு புழுவும் வெளியிலிருந்து புதிதாக வந்ததே. எனவே ஒருவர் உடலில் எத்தனை புழு என்பது, அவர் நிற்கும் தரை எவ்வளவு மலத்தால் மாசுபட்டிருக்கிறது என்பதைக் காட்டும் அளவுகோல். கழிப்பிடம் இல்லாத பணியிடத்தில்தான் இது தொழில்நோயாகிறது.

கோத்தார்டு சுரங்கம்

மிலானில் ஆஞ்செலோ டூபினி என்ற மருத்துவர் 1838இல் ஒரு பிரேதப் பரிசோதனையின்போது இப்புழுவைக் கண்டு, 1843இல் விவரித்து எழுதினார். ஆனால் அதைப் பெரும் நோயாக யாரும் எண்ணவில்லை. அந்த எண்ணத்தை மாற்றியது ஆல்ப்ஸ் மலையைக் குடைந்த ஒரு இரயில் சுரங்கம்.

சுவிட்சர்லாந்தின் கோத்தார்டு சுரங்கம் 15 கிலோமீட்டர் நீளமுள்ளது. வேலை 1872 முதல் 1882 வரை நடந்தது. தொழிலாளரில் பெரும்பாலோர் இத்தாலியின் ஏழைக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். வெளியே பனி, உள்ளே 30 பாகைக்கு மேல் வெப்பம், வெடிமருந்துப் புகை, முழங்காலளவு தண்ணீர். உள்ளே கழிப்பிடம் என்று எதுவும் இல்லை. 1875இல் வேலைநிறுத்தம் செய்தவர்கள்மீது துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டு நால்வர் இறந்தனர். ஒப்பந்தக்காரர் லூயி ஃபாவ்ரேயும் 1879இல் சுரங்கத்துக்குள்ளேயே மயங்கி விழுந்து இறந்தார்.

வேலை முடியும் தறுவாயில் தொழிலாளர்கள் வெளுத்துப்போய் ஊர் திரும்பத் தொடங்கினர். கெட்ட காற்று, வெடிமருந்துப் புகை, போதாத உணவு எனப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. நோய்க்குச் சுரங்கச் சோகை என்றே பெயர் வைத்தார்கள். 1880இல் அப்படித் திரும்பிய ஒருவர் டூரின் நகரில் இறந்தார். அவரது குடலைத் திறந்தபோது கொக்கிப்புழுக்கள் ஏராளமாக இருந்தன. அந்நகரின் எடோவார்தோ பெரோன்சித்தோ மற்ற தொழிலாளரின் மலத்தை நுண்ணோக்கியில் பார்த்து, அதே முட்டைகளைக் கண்டார். பெரணிச் செடியின் சாறு, தைமால் ஆகியவை மருந்தாகத் தரப்பட்டன. புழு வெளியேறியவர்கள் தேறினார்கள்.

பெரோன்சித்தோவுக்குத் தேவைப்பட்டது ஒரு நுண்ணோக்கி, ஒரு கண்ணாடிச் சில்லு, ஒரு துளி மலம் மட்டுமே. நோயாளி வாய் திறந்து சொல்வதற்கு முன்பே நோயைக் காட்டும் மலிவான சோதனை ஒன்று கிடைத்துவிட்டது. அது யார் கைக்குப் போனது என்பதுதான் இனி வரும் வரலாறு.

புழு எப்படி உடலுக்குள் போகிறது என்பது அப்போதும் தெரியவில்லை. அழுக்குக் கையால் வாய்வழியே போகிறது என்றே கருதினர். கெய்ரோவில் பணியாற்றிய ஆர்தர் லூஸ் என்ற செருமானியரின் கையில் 1898இல் இளம்புழுக்கள் நிறைந்த நீர் தற்செயலாகச் சிந்தியது. கை அரித்தது. சில வாரங்களுக்குப் பின் அவர் மலத்திலேயே முட்டைகள் தென்பட்டன. தோல்வழி நுழைவு இப்படித்தான் தெரிய வந்தது. வகுப்பில் அறிவியல் முறையை விளக்கும்போது சிந்திய அந்தத் துளியைப் பலமுறை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறேன். மாணவர்கள் சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள்.

ரூர் நிலக்கரிச் சுரங்கங்கள்

செருமனியின் ரூர் வட்டாரத்தில் நிலக்கரித் தூசி தீப்பிடித்து வெடிப்பதைத் தடுக்க, சுரங்கத்துக்குள் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்ற விதி வந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் வெதுவெதுப்பான சுரங்கத்தில் ஈரமும் சேர்ந்ததும் கொக்கிப்புழுவுக்கு ஏற்ற இடமாகிவிட்டது. ஓர் ஆபத்தைத் தடுக்கப்போய் இன்னொன்றைக் கொண்டுவந்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேடினாலும் கிடைக்காது.

1903இல் அங்கே நிலத்தடியில் வேலை செய்தவர்களின் மலம் பெருந்திரளாகச் சோதிக்கப்பட்டது. முட்டை தென்பட்டவர் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். மீண்டும் சோதித்து முட்டை இல்லை என்று உறுதியாகும்வரை சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது. புதிதாக வேலைக்கு வருபவரும் சோதனைக்குப் பின்பே சேர்க்கப்பட்டார். இன்று உணவகப் பணியாளர், மருத்துவமனைப் பணியாளர், வெளிநாடு செல்லும் தொழிலாளர் ஆகியோரிடம் கேட்கப்படும் உடற்தகுதிச் சான்றின் அமைப்பு முழுவதும் இதில் இருப்பதைக் காணலாம்.

தொழிலாளர் இதை விரும்பவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. சோதனையில் சிக்கியவரில் பலருக்கு எந்த உடல்நலக் குறைவும் தெரியவில்லை. நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவர் திடீரென்று வேலைக்கு ஆகாதவர் ஆனார். பெரணிச் சாறோ கடும் நஞ்சு. அளவு மிஞ்சினால் கண்பார்வையைப் பறிக்கும். அப்படிப் பார்வை இழந்தோரும் இருந்தனர்.

கார்ன்வால்: வேறொரு வழி

அதே காலத்தில் இங்கிலாந்தின் கார்ன்வாலில், டோல்கோத் என்ற தகரச் சுரங்கத்தில் சோகை பரவியது. அரசு அனுப்பிய ஜே. எஸ். ஹால்டேன் 1902இல் அங்கு ஆராய்ந்தார். முதலில் காற்றைத்தான் சோதித்தார். அவர் புகழ்பெற்றதே சுரங்கக் காற்றைப் பற்றிய ஆய்வில்தான். காற்றில் குற்றமில்லை. ஏ. இ. பாய்காட் என்ற மருத்துவரும் அவரும் இரத்தத்தையும் மலத்தையும் பார்த்தபோது கொக்கிப்புழு வெளிப்பட்டது. தொழிலாளரின் தோலில் தோன்றிய கொப்புளங்களுக்கு அவர்களே நெடுநாளாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். மருத்துவருக்குப் புதிராக இருந்ததில் பாதி தொழிலாளருக்கு முன்பே தெரிந்திருந்தது. வெப்பநாடுகளில் வேலை பார்த்துத் திரும்பிய கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர் வழியாகப் புழு வந்திருக்க வேண்டும் என்று கருதப்பட்டது.

ஹால்டேனின் தீர்வு எளிமையானது. சுரங்கத்துக்குள் மலம் கழிக்க மூடியுள்ள வாளிகளை வையுங்கள். அவற்றை ஒழுங்காக மேலே கொண்டுவந்து கொட்டுங்கள். நோயுற்றவருக்கு மருந்து கொடுங்கள். ரூரில் நடந்ததுபோல் எல்லோரையும் சோதித்து வடிகட்ட வேண்டியதில்லை என்ற வழி இது. நோய் தணிந்தது. 1906இல் வந்த பிரித்தானியத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் விபத்தைப்போலவே இழப்பீடு பெறத்தக்க ஆறு தொழில்நோய்களைப் பட்டியலிட்டது. ஈயம், பாதரசம், பாஸ்பரஸ், ஆர்செனிக் நஞ்சுகளோடும் ஆந்த்ராக்சோடும் கொக்கிப்புழு நோயும் அதில் இடம்பெற்றது. அதாவது, புழு தொற்றியது தொழிலாளியின் பழக்கக் குற்றம் அன்று, பணியிடத்தின் குறை என்று சட்டம் ஒப்புக்கொண்டது.

(இந்த ஹால்டேனின் மகன்தான் பிற்காலத்தில் இந்தியாவில் குடியேறி 1964இல் புவனேசுவரத்தில் மறைந்த உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன்.)

அமெரிக்கப் பணம்

1899 ஆகஸ்டு மாதம் போர்ட்டோ ரிக்கோவைப் பெரும்புயல் தாக்கியது. முகாமில் சேர்க்கப்பட்ட காப்பித் தோட்ட ஏழைகள் வெளிறிக் கிடந்தனர். பசியால் வந்த சோகை என்று நல்ல உணவு கொடுத்தும் தேறவில்லை. பெய்லி ஆஷ்ஃபோர்டு என்ற இராணுவ மருத்துவர் மலத்தைச் சோதித்துக் கொக்கிப்புழுவைக் கண்டார். அடுத்து சார்லஸ் ஸ்டைல்ஸ் அமெரிக்கத் தென்மாநிலங்களில் இதே நோயைச் சுட்டிக்காட்ட, எண்ணெய் வணிகர் ராக்ஃபெல்லரின் பணத்தில் 1909இல் ஓர் ஆணையம் தொடங்கியது. 1913இல் அது பன்னாட்டு அமைப்பாக விரிந்தது. வெப்பநாட்டுத் தோட்டங்களை நோக்கி மருத்துவர்கள் புறப்பட்டார்கள். அவற்றுள் ஒன்று இலங்கை.

இலங்கைத் தோட்டங்கள்

இலங்கை மலைநாட்டில் முதலில் காப்பியும், 1869இல் வந்த இலைநோயால் காப்பி அழிந்தபின் தேயிலையும் பயிராயின. இரண்டுக்கும் உழைத்தவர் திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற தமிழர். தொடக்கத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே போனார்கள். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் இறந்தோர் பலர்.

தோட்டத்தில் குடியிருப்பு என்பது லயம்: ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் பத்தடிக் காம்பராக்கள். கழிப்பிடம் கிடையாது. சுற்றியுள்ள தேயிலைச் செடிகளின் மறைவே கழிப்பிடம். மழை ஓயாத மண், செடியின் நிழல், மிதமான வெப்பம். காலையில் பெரட்டுக்கு நின்றுவிட்டு, அதே செடிகளுக்கிடையே வெறுங்காலோடு கொழுந்து பறிக்க வேண்டும். கோத்தார்டு சுரங்கத்தின் நிலைமையைத் திறந்தவெளியில் பரப்பி வைத்ததுபோல இருந்தது.

சோகை பிடித்த தொழிலாளரை மருத்துவர்கள் வெகுநாள் தவறாகவே புரிந்துகொண்டனர். இலங்கையின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த கின்சி 1887இல் எழுதிய அறிக்கை இந்நோயைப் பெரிபெரி என்ற பெயரோடு சேர்த்தே பேசியது. வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரியும் புழுவால் வரும் சோகையும் அங்கே ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன. துரைமார் பார்வையில் அது பல நேரம் சோம்பேறித்தனம் மட்டுமே.

1916இல் ராக்ஃபெல்லர் அமைப்பினர் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் பணியைத் தொடங்கினர். சோதித்தவரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் புழு இருந்தது. அப்போதைய மருந்து கெனோபோடியம் எண்ணெய். அமெரிக்கக் களைச்செடி ஒன்றிலிருந்து எடுக்கப்படும் அந்த எண்ணெயின் நாற்றமே வயிற்றைப் புரட்டும். பட்டினி கிடந்து, எண்ணெய் குடித்து, பின்னர் பேதி மருந்தும் குடிக்க வேண்டும். தலைசுற்றல், காது அடைப்பு வரும். மெலிந்தவரும் குழந்தைகளும் இறந்ததும் உண்டு. அன்றைய வேலையும் போகும். மருந்து என்றதும் தொழிலாளர் ஒளிந்தார்கள் என்றால் அதை அறியாமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

மருந்தால் புழு போனது. ஆனால் மண் அப்படியே இருந்தது. சில மாதங்களில் புழு திரும்ப வந்தது. மருத்துவர்கள் கழிப்பிடம் கட்டச் சொன்னார்கள். தோட்ட உரிமையாளர்களுக்கோ, மருந்து வெளியாரின் உதவியோடு வருவது. கழிப்பிடம் தங்கள் கைக்காசு. கட்டினாலும் கூலிகள் பயன்படுத்த மாட்டார்கள் என்ற வாதம் எப்போதும் தயாராக இருந்தது. இருட்டில், தொலைவில், கழுவ ஆளில்லாமல் நாறும் கழிப்பிடத்தை யார்தான் பயன்படுத்துவார்? கழிப்பிடம் இருந்த இடத்திலும் அதைச் சுத்தம் செய்யும் வேலை வாசக்கூட்டி எனப்பட்ட துப்புரவுத் தொழிலாளியின் தலையில் விழுந்தது. கைக்கு உறையோ காலுக்குச் செருப்போ இல்லாத அவர்தான் தோட்டத்திலேயே மிக எளிதாக எந்தத் தொற்றையும் வாங்கக்கூடியவர்.

இங்கேதான் கார்ன்வாலோடு ஒப்பிடத் தோன்றுகிறது. அதே பிரித்தானிய ஆட்சி, அதே புழு. கார்ன்வாலில் பணியிடத்தைத் திருத்தினார்கள், நோய்க்கு இழப்பீடும் சட்டமாயிற்று. மாத்தளையில் தொழிலாளியின் குடலை மட்டும் திருத்தப் பார்த்தார்கள். இலங்கையில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்ற ஒன்றே 1934இல்தான் வந்தது.

மண்டபம் முகாம்

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. இலங்கை செல்லும் தொழிலாளரின் பாதை இராமநாதபுரக் கரைக்கு வந்தது. இலங்கை அரசு இந்திய மண்ணிலேயே, மண்டபத்தில், தனிமைப்படுத்தும் முகாம் ஒன்றை நடத்தியது. முன்பு தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும் இத்தகைய முகாம் இருந்தது.

பிளேக், வாந்திபேதி, அம்மை ஆகியவை கடல் தாண்டிப் போகாமல் தடுப்பதே முகாமின் முதல் நோக்கம். தோட்டத்துக்குப் போகும் குடும்பங்கள் சில நாள் இங்கே தங்க வேண்டும். துணிமணிகள் ஆவியில் அவிக்கப்படும். அம்மை குத்தப்படும். பின்னாளில் கொக்கிப்புழு மருந்தும் இதில் சேர்ந்தது. தனித்தனியாகச் சோதிப்பதைவிட எல்லோருக்கும் புழு உண்டு என்று வைத்துக்கொண்டு எல்லோருக்கும் மருந்து கொடுப்பது எளிதாக இருந்தது. ஊரை விட்டுப் பிரிந்த துக்கத்தோடு வந்தவர் கப்பல் ஏறுமுன் கடைசியாகச் சுவைத்தவற்றுள் அந்த நாறும் மருந்தும் ஒன்று.

நோய் கடல் தாண்டாமல் காப்பது தேவைதான். வாந்திபேதி ஒரு கப்பலில் ஏறினால் என்ன ஆகும் என்பதை அக்காலம் நன்கு அறிந்திருந்தது. முகாம் பல உயிர்களைக் காத்திருக்கும். ஆனாலும் அந்தச் சோதனை ஒருவழிச் சோதனை. தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து புழுவோடு போகிறாரா என்று பார்த்தார்கள். பத்தாண்டு கழித்துத் தோட்டத்து மண்ணிலிருந்து எத்தனை புழுவோடு, எவ்வளவு இரத்தம் குறைந்து ஊர் திரும்புகிறார் என்று எந்த முகாமிலும் பார்க்கவில்லை.

1939இல் இந்திய அரசு இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் செல்வதைத் தடை செய்தது. 1964 ஒப்பந்தத்துக்குப் பின், முன்னோர் போன அதே வழியாகத் தாயகம் திரும்பியோர் மண்டபத்தில் தங்கவைக்கப்பட்டனர். 1980களிலிருந்து ஈழ ஏதிலியர் அங்கே வாழ்கின்றனர். இராமேசுவரம் செல்லும் இரயில் பாதையில் மண்டபம் முகாம் என்ற நிலையம் இன்றும் உள்ளது.

முட்டை எண்ணுதல்

சோதனை முறையிலேயே ஒரு குறை இருந்ததை 1920களில்தான் உணர்ந்தனர். முட்டை உண்டா இல்லையா என்று மட்டும் பார்த்தால் ஐந்து புழு உள்ளவரும் ஐந்நூறு புழு உள்ளவரும் ஒன்றுதான். நார்மன் ஸ்டோல் 1923இல் ஒரு கிராம் மலத்தில் எத்தனை முட்டை என்று கணக்கிடும் முறையை அளித்தார். கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பணியாற்றிய ஆசா சாண்ட்லர் அந்த நோக்கில் இந்தியாவை ஆராய்ந்தபோது, நாட்டின் பெரும்பகுதியில் தொற்று பரவலாக இருந்தாலும் புழுச்சுமை குறைவு என்றும், தேயிலைப் பகுதிகளில் நிலைமை கடுமை என்றும் தெரிந்தது. நூற்றுக்கு இத்தனை பேருக்குத் தொற்று என்ற எண் மட்டும் ஏமாற்றக்கூடியது. இரயில் நிலையத்தில் ஆள் கணக்கு எடுப்பதுபோல் நோயைக் கணக்கெடுக்க முடியாது. மருந்திலும் முன்னேற்றம் வந்தது. 1921இல் கார்பன் டெட்ராகுளோரைடும், 1925இல் அதைவிடத் தீங்கு குறைந்த டெட்ராகுளோரோஎத்திலீனும் பயன்பாட்டுக்கு வந்தன. அல்பெண்டசோல் மாத்திரை வெகு பின்னால் வந்தது.

இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிநீர், கழிப்பிடம், மருத்துவ வசதி ஆகியவற்றை உரிமையாளரின் கடமையாக்கியது. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் 19 வயது வரையுள்ளோருக்கு அல்பெண்டசோல் வழங்கப்படுகிறது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டுகளில் என் வகுப்பிலும் அந்த மாத்திரையைக் கொடுத்து, மென்று விழுங்குகிறார்களா என்று பார்த்து, பதிவேட்டில் குறித்திருக்கிறேன். ஒருமுறை ஒரு மாணவி, "சார், மாத்திரை போட்டா மறுபடியும் புழு வராதா?" என்று கேட்டாள். வரும், செருப்புப் போடாமல் நடந்தால் வரும் என்றேன். எங்கள் பள்ளிக் கழிப்பறையில் அப்போது தண்ணீர் வராமல் இரண்டு மாதம் ஆகியிருந்தது. பிள்ளைகள் பின்புறப் புதருக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.